தூரம் ஒன்றுதான், நேரம் ஏன் மாறுகிறது? விமானப் பயணக் கணக்கு, முதலிலிருந்து

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? ஒருவர் 14,000 என்பார். இன்னொருவர் 8,700 என்பார். இணையத்தில் தேடியவர் 7,550 என்று காட்டுவார். உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தவருக்கு 16,000 வரும். நான்கும் சரியாக இருக்கலாம். நேரத்தைக் கேட்டாலும் இதே கதைதான். போக ஒன்று சொல்வார்கள், வர ஒன்று சொல்வார்கள், டிக்கெட்டைப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று இருக்கும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் பக்கம் துபாயிலோ சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகள் ஏராளம். எத்தனை மணிக்குக் கார் பிடித்துக் கிளம்புவது, முதல்முறை தனியாகப் பறக்கும் அம்மாவுக்கு எத்தனை மணி நேரம் என்று சொல்லி அனுப்புவது என்பதெல்லாம் அந்த வீடுகளில் அடிக்கடி வரும் கேள்விகள். விடை பெரும்பாலும் தூரத்தை வேகத்தால் வகுத்துச் சொல்லப்படுகிறது, அல்லது டிக்கெட்டில் உள்ள இரண்டு மணிகளைக் கழித்துச் சொல்லப்படுகிறது. இரண்டு வழியும் தப்பு. ஏன் தப்பு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். கணக்கு என்று பார்த்தால் ஐந்தாம் வகுப்புக் கூட்டல் வகுத்தல்தான்.

எந்த மைல்?

முதலில் எளிய குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். விமானத் துறை தூரத்தைக் கடல் மைலில் அளக்கிறது. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. நாம் சாதாரணமாகச் சொல்லும் மைல் சுமார் 1.609 கி.மீ. ஆக, பெங்களூர் – சான் பிரான்சிஸ்கோ இடையே உள்ள ஏறக்குறைய 13,990 கி.மீ. தூரம் மைலில் சுமார் 8,690, கடல் மைலில் சுமார் 7,550. தூரம் ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. விமானத்தின் வேகத்தைச் சொல்லும் ‘நாட்’ என்பதும் இதே குடும்பம்: ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்.

கடல் மைல் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டால், அது பூமியின் உடம்பிலிருந்தே எடுத்த அளவு. பூமியின் சுற்றளவை 360 டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொரு டிகிரியையும் 60 பங்காக்கினால் ஒரு பங்கு ஏறக்குறைய ஒரு கடல் மைல். உருண்டையின்மேல் வழி கணக்கிடுபவர்களுக்கு அது கைக்கு அடக்கமான அளவு.

தட்டைப் படம் காட்டும் குறுக்கு வழி

இப்போது அந்த 16,000-ஐ எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலகப் படத்தில் பெங்களூரிலிருந்து கிழக்கே பசிபிக்கைத் தாண்டி சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் உண்மையான நீளம் சுமார் 16,100 கி.மீ. மிகக் குறுகிய வழியைவிட 2,100 கி.மீ. அதிகம். நேர்கோடுதானே குறுகிய வழி? தாளின்மேல் அது சரி. உருண்டையின்மேல் அப்படி இல்லை.

சுவரில் தொங்கும் படங்களில் பல, மெர்கேட்டர் என்பவர் 1569-இல் வரைந்த முறையைப் பின்பற்றியவை. கடலோடிகள் திசைகாட்டியை ஒரே கோணத்தில் வைத்துக்கொண்டு போக வசதியாக அவர் அதை அமைத்தார். அந்த வேலைக்கு அது அருமையான படம். ஆனால் உருண்டையைத் தாளில் விரிக்கும்போது எங்கேயாவது இழுத்தாக வேண்டும். அவர் துருவங்களின் பக்கமாக இழுத்தார். அதனால் வடக்கே போகப் போக எல்லாம் பெரிதாகத் தெரியும். கிரீன்லாந்து அந்தப் படத்தில் இந்தியாவைவிடப் பல மடங்கு பெரிதாக உட்கார்ந்திருக்கும். உண்மையில் இந்தியாவின் பரப்பு சுமார் 33 லட்சம் சதுர கி.மீ., கிரீன்லாந்தின் பரப்பு சுமார் 22 லட்சம்தான். இப்படி நிலத்தையே ஊதிக் காட்டும் படம், அதன்மேல் போகும் வழியை மட்டும் எப்படிச் சரியாகக் காட்டும்?

வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்து பெங்களூரில் ஒரு முனை, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு முனை வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் தானாக வடக்கே ஏறிவிடும். சீனாவைக் கடந்து, சைபீரியாவின் வடகிழக்கு ஓரத்தைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கி, கனடாவின் மேற்குக் கரையோடு வந்து சேரும். நடுவில் அது ஏறக்குறைய 71 டிகிரி வடக்கு வரை ஏறுகிறது. அதாவது ஆர்க்டிக் பகுதி. இந்த நூல் வழிக்குப் பெருவட்டம் என்று பெயர். உருண்டையைச் சரியாக இரண்டு பாதியாக வெட்டினால் வெட்டின விளிம்பு எப்படி ஓடுமோ, அந்த வட்டத்தின் ஒரு துண்டுதான் இது. இரண்டு ஊர்களுக்கு இடையே பூமியின்மேல் இதைவிடக் குறுகிய வழி கிடையாது.

2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானம் வந்தபோது, அது வட துருவப் பகுதியைத் தாண்டி வந்தது என்று செய்தி. விமானியறையில் இருந்தவர்கள் எல்லாரும் பெண்கள். “பெங்களூருக்கு வர எதற்குத் துருவம் சுற்ற வேண்டும்?” என்ற கேள்வி அப்போது பலருக்கும் எழுந்தது. சுற்றவில்லை. குறுகிய வழிதான் அந்தப் பக்கமாகப் போகிறது.

இதையே நீட்டினால் இன்னொரு வியப்பு. துபாய் நமக்கு மேற்கே இருக்கிறது. சிங்கப்பூர் கிழக்கே இருக்கிறது. கலிஃபோர்னியாவோ பசிபிக்குக்கு அக்கரையில் இருக்கிறது. அப்படியானால் சிங்கப்பூர் வழியாகப் போவதுதானே அருகாமை? கணக்குப் போட்டால் துபாய் மாறி சான் பிரான்சிஸ்கோ போவது சுமார் 15,700 கி.மீ., சிங்கப்பூர் மாறிப் போவது சுமார் 16,800 கி.மீ. துபாயிலிருந்து அந்த ஊருக்குக் குறுகிய வழி கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போகிறது. தட்டைப் படத்தை வைத்துக்கொண்டு இதை யாராலும் யூகிக்க முடியாது.

இதுவரை பார்த்தது: இணையத்தில் ‘இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம்’ என்று காட்டும் எண் பெருவட்டத் தூரம். அது மாறாது. காற்றடித்தாலும் மழை பெய்தாலும் அதே எண்தான்.

விமானம் அந்தக் கோட்டிலேயே போகிறதா?

அநேகமாக இல்லை. காரணங்கள் சில உண்டு.

விமானங்கள் மேலே பெரும்பாலும் குறிக்கப்பட்ட வழிகளில் போகின்றன. புயல் மேகம் இருந்தால் விலகுகின்றன. திபெத் பீடபூமியைப் பெரும்பாலும் தவிர்க்கின்றன. கேபினுக்குள் காற்றழுத்தம் குறைந்துபோனால் விமானம் உடனே சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். திபெத்தில் தரையே சராசரியாக 4,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இறங்க இடமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் அரசியல். ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலே உள்ள வானமும் சொந்தம். அதற்கு வான்வெளி என்று பெயர். அதை மூடிவிட்டால் சுற்றித்தான் போக வேண்டும். 2022-இல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா பல ஐரோப்பிய விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அதுவரை ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது மணி நேரம் போல ஆன, ஃபின்லாந்தின் ஃபின்னேர் விமானப் பயணம் 13 மணி நேரம் ஆகிவிட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்கு வான்வெளியை மூடியபோது, டெல்லியிலிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் விமானங்கள் நீண்ட சுற்றுப் போக வேண்டியதாயிற்று. ஊர்களுக்கு இடையிலான தூரம் ஒரு அடிகூடக் கூடவில்லை. பறந்த தூரம்தான் கூடியது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினால் பாதிக் குழப்பம் போய்விடும்.

ஒகேனக்கல் பரிசலும் மேல்காற்றும்

சரி, இனி நேரம். இதில் முக்கியமான ஆள் காற்று. இதைப் புரிந்துகொள்ள ஒகேனக்கல் பரிசலைவிட நல்ல உதாரணம் நம் பக்கம் கிடையாது.

அசையாத தண்ணீரில் பரிசல்காரர் மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் துடுப்புப் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காவிரி மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. ஓட்டத்தோடு போகும்போது கரையில் நிற்பவருக்கு அந்தப் பரிசல் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் நகரும். எதிர்த்து வரும்போது 2 கி.மீ.தான். அவருடைய கை இரண்டு தடவையும் ஒரே பலத்தில்தான் வேலை செய்தது. தண்ணீரைப் பொறுத்து அவருடைய வேகம் மாறவே இல்லை. கரையைப் பொறுத்துதான் மாறியது.

விமானமும் இப்படியே. அது பறப்பது காற்றுக்குள். காற்றைப் பொறுத்து அதன் வேகத்தைக் காற்றுவேகம் என்போம், தரையைப் பொறுத்து அதன் வேகத்தைத் தரைவேகம் என்போம். பெரிய விமானம் ஒன்றின் காற்றுவேகம் மணிக்கு 900 கி.மீ. இருக்கட்டும். பின்னாலிருந்து 100 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால் தரைவேகம் 1,000. எதிரே அடித்தால் 800. லண்டன் பெங்களூரிலிருந்து சுமார் 8,000 கி.மீ. அந்தத் தூரத்தை ஒரு பக்கம் 8 மணி நேரத்திலும் மறுபக்கம் 10 மணி நேரத்திலும் கடக்க, காற்று ஒன்று போதும்.

போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துவிடலாம், கூட்டிக் கழித்தால் சமம் என்று தோன்றும். சமமாகாது. பரிசலுக்கே போட்டுப் பாருங்கள்: 6 கி.மீ. ஓட்டத்தோடு போக ஒரு மணி, எதிர்த்துத் திரும்ப மூன்று மணி, மொத்தம் நான்கு. அசையாத தண்ணீரில் போய்வர மூன்று மணிதான் ஆகியிருக்கும். எதிர்ப்பில் அதிக நேரம் மாட்டிக்கொள்கிறோம், துணையில் குறைந்த நேரமே இருக்கிறோம். அதனால் போய்வரும் பயணத்தில் ஆறு எப்போதும் கொஞ்சம் நேரத்தைத் தின்றுவிடும். விமானக் கணக்கிலும் 8-ம் 10-ம் 18 மணி. காற்றே இல்லாவிட்டால் 17 மணி 47 நிமிடம்.

இந்த ஆறு மேலே எங்கே ஓடுகிறது? தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், பூமியைச் சுற்றி மேற்கிலிருந்து கிழக்காக ஒரு குறுகிய, வேகமான காற்று ஓடுகிறது. இதுதான் ஜெட் காற்று. மணிக்கு 150, 200 கி.மீ. என்பது அதற்குச் சாதாரணம். சில நாள் 300-ஐத் தாண்டும். விமானங்கள் பறக்கும் உயரமும் ஏறக்குறைய அதே உயரம்தான்.

இதைப் பலூன் விட்டு முதலில் முறையாக அளந்தவர் வசபுரோ ஓஇஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920-களிலேயே அளந்துவிட்டார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று, எல்லா நாட்டவருக்கும் பொதுவாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோ மொழியில் எழுதி வெளியிட்டார். வெளியே அநேகமாக யாரும் கவனிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்கப் போர் விமானங்கள் இந்தக் காற்றில் தடுமாறிய பிறகுதான் மற்றவர்களுக்கு அது உறைத்தது.

இதன் பலத்துக்கு ஒரு அண்மைக்கால எடுத்துக்காட்டு: 2020 பிப்ரவரியில், கியாரா புயல் வீசிய நேரத்தில், நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் தூரம். தரைவேகம் மணிக்கு 1,300 கி.மீ.-யைத் தொட்டது. ஒலியின் வேகத்தை மீறியதா என்று பலர் கேட்டார்கள். இல்லை. காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. ஆறு வேகமாக ஓடியது, அவ்வளவுதான்.

நம் தலைக்கு மேலேயும் ஒரு கதை இருக்கிறது, இதைப் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். தென்மேற்குப் பருவமழை மாதங்களில், தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் காற்று திசை மாறி கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். இதை 1950-களில் விளக்கிக் காட்டியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். கோடையில் திபெத் பீடபூமி சூடாகிவிடுவதால், வழக்கத்துக்கு மாறாக மேல்காற்றில் வடக்கே வெப்பமும் தெற்கே குளிர்ச்சியும் உண்டாகிறது. காற்றும் திரும்பிவிடுகிறது. அதன் உச்ச வேகம் விமானங்களுக்கும் மேலே, 14, 15 கி.மீ. உயரத்தில் இருந்தாலும், விமானம் பறக்கும் உயரத்திலும் அதன் இழுப்பு தெரியும். பெங்களூரிலிருந்து மேற்கே கிளம்பும் விமானத்துக்கு ஜூலையில் கிடைக்கும் காற்று, ஜனவரியில் கிடைக்காது. வளைகுடா விமானங்களின் நேரம் காலத்துக்கேற்பக் கொஞ்சம் கூடிக் குறைவதற்கு இது ஒரு காரணம்.

காற்று இப்படி விளையாடுவதால் நீண்ட பயணங்களில் குறுகிய வழியைவிட விரைவான வழி வேறாக இருக்கலாம். கிழக்கே போகும் விமானம் ஜெட் காற்றில் ஏறிக்கொள்வதற்காகவே சில நூறு கி.மீ. விலகிப் போகும். எதிரே வரும் விமானம் அதே காற்றுக்குப் பயந்து வேறு பக்கம் ஒதுங்கும். ஒரே இரண்டு ஊர்கள், ஒரே நாள், இரண்டு வெவ்வேறு வழிகள். இந்த வழிகள் அன்றைய காற்றைப் பார்த்து முடிவாகின்றன.

இதுவரை பார்த்தது: ஊர்களுக்கு இடையே தூரம் நிலையானது, பறக்கும் தூரம் வான்வெளியையும் காற்றையும் பொறுத்து மாறும், தரைவேகம் காற்றைப் பொறுத்து மாறும்.

பூமி சுழல்கிறதே, அது உதவாதா?

டீக்கடை முதல் கல்லூரி வரை கேட்கப்படும் கேள்வி இது. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே பறக்கும் விமானத்துக்கு ஊர் தானாக எதிரே வர வேண்டாமா?

வராது, ஏனென்றால் காற்றும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. கிருஷ்ணகிரி இருக்கும் இடத்தில் தரை மணிக்கு சுமார் 1,630 கி.மீ. வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. காற்று மட்டும் நின்றுவிட்டிருந்தால் மணிக்கு 1,630 கி.மீ. வேகத்தில் ஒரு புயல் நம்மேல் எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும். ஒரு மாமரம் நிற்காது. அப்படி அடிக்கவில்லை என்பதே காற்றும் கூடவே வருகிறது என்பதற்குச் சாட்சி. அந்தக் காற்றுக்குள் எழும்பும் விமானமும் கூடவே வருகிறது.

ஆனால் சுழற்சிக்கு ஒரு மறைமுகப் பங்கு உண்டு. வெப்பமான பகுதியிலிருந்து துருவத்தை நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவது பூமியின் சுழற்சிதான். அப்படித் திரும்பின காற்றுதான் ஜெட் காற்றாக ஓடுகிறது. அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா வரும் விமானம் சீக்கிரம் வருவதற்கும் சுழற்சிக்கும் உள்ள தொடர்பு இவ்வளவே.

டிக்கெட்டில் உள்ள மணி

இப்போது அதிகம் பேர் தடுமாறும் இடம். டிக்கெட்டில் புறப்படும் மணி, புறப்படும் ஊரின் மணி. சேரும் மணி, சேரும் ஊரின் மணி. இரண்டையும் அப்படியே கழிக்கக்கூடாது.

துபாய் மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். பெங்களூரில் காலை 10-க்குக் கிளம்பி அங்கே பகல் 12.30-க்கு இறங்கினால் இரண்டரை மணிப் பயணம் போலத் தெரியும். உண்மையில் நான்கு மணி. திரும்பும்போது அங்கே பகல் 2-க்குக் கிளம்பி இங்கே மாலை 7-க்கு இறங்கினால் ஐந்து மணி போலத் தெரியும். ஐந்தில் ஒன்றரையைக் கழித்தால் போதும், உண்மையான மூன்றரை மணி வந்துவிடும். “போக ரெண்டரை மணி, வர ஐந்து மணி” என்று ஊரில் சொல்லப்படுவது இந்தக் கழித்தலை மறந்ததால் வருவது. காற்று செய்யும் வித்தியாசம் சில நிமிடங்களோ அரை மணியோதான். மிச்சம் முழுக்கக் கடிகாரம்.

சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே கணக்குத் தலைகீழ். போகும்போது நீளமாகத் தெரியும், வரும்போது குறைவாகத் தெரியும்.

சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தால் தேதியே விளையாடும். குளிர்காலத்தில் அந்த ஊர் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவதால் பன்னிரண்டரை ஆகிவிடும். குளிர்காலத்தில் பெங்களூரில் பகல் 2 மணிக்குக் கிளம்பிய விமானம் 16 மணி நேரம் பறந்தால், அங்கே அதே நாள் மாலை 4.30-க்கு இறங்கும். டிக்கெட்டில் ஒரே தேதி. இரண்டரை மணிப் பயணம் என்று நினைத்து மாத்திரையைப் பெரிய பெட்டியில் போட்டுவிட்ட பெரியவருக்கு அது எவ்வளவு பெரிய சிரமம்! பெரியவர்களை அனுப்பும்போது டிக்கெட் மணியை விட்டுவிட்டு, “உட்கார்ந்திருக்கப் போவது 16 மணி நேரம், இரண்டு வேளை மாத்திரை கையில் இருக்கட்டும்” என்று சொல்லி அனுப்புவதுதான் சரி.

எளிய வழி: இரண்டு மணிகளையும் இந்திய மணிக்கு மாற்றிக்கொண்டு பிறகு கழியுங்கள்.

ஏன் இன்னும் வேகமாகப் போவதில்லை?

பெரிய பயணிகள் விமானங்கள் எல்லாம் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே நிற்கின்றன. 11 கி.மீ. உயரத்தில், கடும் குளிரில், ஒலி மணிக்கு சுமார் 1,060 கி.மீ. வேகத்தில் போகும். அதில் 85 சதவீதம்தான் நாம் மேலே எடுத்துக்கொண்ட 900. அதற்கு மேல் நெருங்கினால் காற்றின் தடை திடீரென்று கூடி எரிபொருளைக் குடித்துவிடும். 1976 முதல் 2003 வரை பயணிகளோடு பறந்த கான்கார்டு என்ற விமானம் அந்த எல்லையைத் தாண்டி, லண்டன் – நியூயார்க் தூரத்தை மூன்றரை மணியில் கடந்தது. செலவும் சத்தமும் அதை நீடிக்க விடவில்லை.

பயணம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

பெங்களூர் – துபாய் சுமார் 2,690 கி.மீ. அந்த வழியில் போகும் நடுத்தர விமானம் மணிக்கு 830 கி.மீ. போகும் என்றால், வகுத்தால் மூன்றேகால் மணி. அட்டவணையிலோ பெரும்பாலும் நான்கு மணி போல இருக்கும். மிச்சம் எங்கே போயிற்று?

அட்டவணையில் அச்சிடுவது பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்திருப்பார்கள். கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள முழு நேரத்துக்கும் பிளாக் நேரம் என்று பெயர். அதுதான் அட்டவணையில் இருப்பது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக உயரம் ஏறுவது, இறங்கும் ஊரில் இடம் கிடைக்கும் வரை வானில் வட்டமடிப்பது, எதிர்காற்று, தாமதத்துக்காக நிறுவனம் முன்கூட்டியே சேர்த்துவைக்கும் கொஞ்சம் நேரம், எல்லாம் அதற்குள் அடக்கம். அதனால்தான் தாமதமாகக் கிளம்பின விமானம்கூடச் சில நேரம் சொன்ன மணிக்கே வந்து சேர்கிறது.

குறுகிய பயணங்களில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். ஓமலூர் பக்கத்தில் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்திலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 265 கி.மீ. மணிக்கு 500 கி.மீ. போகும் சிறிய புரொப்பெல்லர் விமானம் அரை மணியில் போக வேண்டும். அட்டவணையில் ஒரு மணி நேரம் போல இருக்கும். பாதி நேரம் ஏறவும் இறங்கவும் ஊரவுமே போய்விடுகிறது. சிங்கப்பூர் – நியூயார்க் போன்ற 15,300 கி.மீ. பயணத்தில் இதே ஏற்ற இறக்கம் கணக்கிலேயே தெரியாது. தூரம் கூடக் கூடச் சராசரி வேகமும் கூடும் என்பதால், ஒரு பயணத்தின் சராசரியை வைத்து இன்னொன்றைக் கணக்கிட முடியாது.

வீட்டு வாசலிலிருந்து

கிருஷ்ணகிரியிலிருந்து துபாய் போகிறவருக்கு நிஜக் கணக்கு இப்படி இருக்கும். தேவனஹள்ளியில் உள்ள பெங்களூர் விமான நிலையம் சாலையில் 120 கி.மீ.-க்கு மேல். ஓசூர் வரை சிக்கலில்லை. அத்திப்பள்ளி தாண்டினால் நகரத்து நெரிசல். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. தருமபுரியிலிருந்து என்றால் இன்னும் ஒரு மணி. வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்கச் சொல்வார்கள். பிறகு விமானம் நான்கு மணி. இறங்கிக் குடியேற்றம் முடித்துப் பெட்டி எடுக்க ஒரு மணி. மொத்தம் பதினொரு மணி, அதில் விமானத்துக்குள் இருப்பது நான்கு.

கூட்டிவரப் போகிறவர்களுக்கும் இதே பாடம். கைபேசியில் விமானத்தைத் தொடரும் செயலி ‘இறங்கியது’ என்று காட்டினால் சக்கரம் ஓடுபாதையைத் தொட்டது என்று அர்த்தம். ஆள் வெளியே வர இன்னும் முக்கால் மணி, ஒரு மணி ஆகும். நல்ல பின்காற்று கிடைத்த நாளில் விமானம் அரை மணி முன்னாலேயே வந்துவிடவும் கூடும். அதனால் வீட்டிலிருந்து கிளம்பும் முன் செயலியில் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அட்டவணையை மட்டும் நம்ப வேண்டாம்.

ஓசூரில் 2,000 ஏக்கரில், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வரக்கூடிய விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அது வந்தால் துபாய் கிட்டே வந்துவிடும் என்று சிலர் பேசுகிறார்கள். ஓசூருக்கும் தேவனஹள்ளிக்கும் நேர்கோட்டில் 50 கி.மீ. சொச்சம். வானத்தில் அது மூன்று, நான்கு நிமிட வித்தியாசம். ஆனால் கிருஷ்ணகிரிக்காரருக்குச் சாலைத் தூரம் 120-லிருந்து 50 கி.மீ. அளவுக்குக் குறையும், அதுவும் பெங்களூர் நெரிசலுக்குள் நுழையாமல். அந்தப் பதினொரு மணியில் இரண்டு மணி நேரம் அங்கேதான் மிச்சமாகும்.